கல்லூரி ஊரில் டவுன்டவுன் வளர்ச்சி அமைப்பு தொடங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தைச் சுற்றியே வாழ்க்கை நடக்கும் ஊர்களைக் கல்லூரி ஊர் என்பார்கள். நம்மவர்கள் பலர் இந்த ஊர்களில் படிக்கிறார்கள், பாடம் நடத்துகிறார்கள். சிலர் டவுன்டவுனில், அதாவது ஊர் நடுவே இருக்கும் கடைவீதியில், உணவகமோ சிறு கடையோ வைத்திருக்கிறார்கள். கடைவீதிக்கென்று தனியாக ஒரு அமைப்பு வரப்போகிறது, அதற்கு வரி உண்டு என்ற பேச்சு எழுந்ததும் வரும் கேள்விகளும் பதில்களும் கீழே உள்ளன. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் பெரும்பாலும் அயோவா சிட்டியை வைத்தே பேசுகிறேன். தேவையான இடத்தில் மற்ற ஊர்களையும் தொட்டுக்கொள்கிறேன்.

நகராட்சி இருக்கிறது, சேம்பர் ஆஃப் காமர்ஸ் என்ற வணிகர் சங்கம் இருக்கிறது. இன்னொரு அமைப்பு எதற்கு?

நகராட்சிக்கு ஊர் முழுவதும் ஒன்றுதான். கடைவீதியின் ஒரு தெருவுக்குக் கூடுதலாகச் செலவழித்தால் மற்ற வார்டுக்காரர்கள் கேள்வி கேட்பார்கள், கேட்பதும் நியாயம். சேம்பரில் ஹைவே ஓரத்து மாலும் உறுப்பினர், டவுன்டவுன் புத்தகக்கடையும் உறுப்பினர். மாலுக்குப் போகும் வாடிக்கையாளரை டவுன்டவுனுக்கு இழுக்கும் வேலையைச் சேம்பர் செய்ய முடியாது.

பத்துப் பன்னிரண்டு தெருக்களை மட்டும் தன் வேலையாக நினைக்கும் ஆட்கள் சம்பளத்துக்கு இருக்க வேண்டும். காலியான கடைக்கு யார் வரலாம் என்று தேடுவது, கட்டிட உரிமையாளரையும் புதிதாகக் கடை போட நினைப்பவரையும் சேர்த்து உட்கார வைப்பது, தெரு விளக்கு எரியாவிட்டால் நகராட்சியை விடாமல் அழைப்பது என்று எல்லாம் அன்றாட வேலைகள். தன் கடையைக் கவனித்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் இதையும் ஒருவர் பார்த்துவிட முடியாது.

ஏன் அயோவா சிட்டி?

கல்லூரி ஊர் டவுன்டவுனுக்கு வரக்கூடிய எல்லாச் சோதனைகளும் அந்த ஒரே ஊருக்கு வந்தன. 1857 வரை அயோவா மாநிலத்தின் தலைநகர் அதுதான். தலைநகர் டெ மாய்னுக்குப் போனதும் பழைய தலைமைச் செயலகக் கட்டிடம் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. இன்றும் கிளின்டன் தெருவின் ஒரு பக்கம் பல்கலைக்கழகம், எதிர்ப்பக்கம் கடைவீதி. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 75,000. மாணவர்கள் மட்டும் 30,000 பேர் அளவில் இருப்பார்கள்.

1960களில் மத்திய அரசின் நகரப் புதுப்பிப்புத் திட்டம் வந்தது. பழைய கட்டிடங்களை இடித்தார்கள், வழக்குகள் வந்தன, 1970களில் பல இடங்கள் வெறும் மனையாகக் கிடந்தன. அங்கே நடக்கும் சர்வதேச எழுத்தாளர் நிகழ்வுக்காக நம் அசோகமித்திரன் 1973இல் போய்த் தங்கியபோது டவுன்டவுன் இந்த நிலையில்தான் இருந்தது. 1970களின் இறுதியில் வாகனம் இல்லாத நடைவீதி அமைத்தார்கள். 1981இல் டவுன்டவுனுக்குள்ளேயே ஒரு மால் திறந்தார்கள். 1998இல் பக்கத்து ஊரான கோரல்வில்லில், ஐ-80 நெடுஞ்சாலை ஓரம் கோரல் ரிட்ஜ் மால் வந்தது. பெரிய கடைகள் அங்கே போயின. மிஞ்சிய இடத்தை பார்கள் பிடித்தன.

இவ்வளவுக்கும் பிறகு 2012இல்தான் அயோவா சிட்டி டவுன்டவுன் டிஸ்ட்ரிக்ட் என்ற அமைப்பு நிலையான வருமானத்தோடு வேலையைத் தொடங்கியது.

30,000 மாணவர்கள் நடந்து வரும் தூரத்தில் இருந்தால் கடைவீதி தானாகவே ஓடாதா?

ஓடும், ஆனால் பீட்சா, காபி, பார், டி-ஷர்ட் என்ற நாலு தொழில்தான் ஓடும். மாணவர்களிடம் கையில் இருக்கும் பணம் குறைவு. நேரமும் இரவுப் பக்கமாக ஒதுங்கியிருக்கும். செருப்புக்கடை, மருந்துக்கடை, பாத்திரக்கடை, பிள்ளைகளுக்கான துணிக்கடை எல்லாம் ஊரில் நிரந்தரமாகக் குடியிருக்கும் குடும்பங்களை நம்பியவை. அந்தக் குடும்பங்கள் "டவுன்டவுன் பையன்களுக்கானது" என்று முடிவு கட்டிவிட்டால், அப்புறம் அவர்களைத் திரும்ப அழைத்து வருவது பெரும்பாடு.

ஆண்டுக் கணக்கும் கோணலானது. செப்டம்பரில் கூட்டம் தாங்காது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி பாதி வரை தெரு காலி. மே மாதப் பட்டமளிப்பு முடிந்ததும் மறுபடி காலி. அயோவா சிட்டியில் பல்கலைக்கழகத்தின் கின்னிக் ஸ்டேடியத்தில் ஏறத்தாழ 69,000 பேர் உட்காரலாம். அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை ஊரின் மக்கள்தொகை அளவுக்கு இன்னொரு கூட்டம் வந்து இறங்கும். அப்படிப்பட்ட சனிக்கிழமைகள் ஆண்டுக்கு ஆறோ ஏழோதான். ஆனால் வாடகை பன்னிரண்டு மாதமும் உண்டு.

பணம் எங்கிருந்து வரும்?

இதைத் தீர்க்காமல் எந்த அமைப்பையும் அறிவிக்காதீர்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. பெயர், லோகோ, தொடக்க விழா எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யார், எந்த விகிதத்தில், எத்தனை ஆண்டுக்குப் பணம் கட்டப் போகிறார்கள் என்பது எழுத்தில் வந்த நாளில்தான் அமைப்பு பிறக்கிறது.

எல்லா ஊரிலும் முதலில் வருவது சந்தா முறை. கடைக்காரர் சங்கம் ஒன்று வைத்து ஆண்டுச் சந்தா வசூலிப்பார்கள். ஊர் கூடித் தேர் இழுக்கலாம். ஆனால் ஆண்டு முழுவதும் வடம் பிடிக்கச் சிலர்தான் நிற்பார்கள். சந்தா கட்டாதவர் கடை வாசலிலும் அதே பூத்தொட்டி, அதே விளக்கு, அதே திருவிழாக் கூட்டம். கட்டியவர் இரண்டாம் ஆண்டு யோசிப்பார், மூன்றாம் ஆண்டு நிறுத்துவார். சங்கத்தின் செயலாளர் வருடத்தில் பாதி நாள் சந்தா கேட்டே நடப்பார்.

இந்தச் சிக்கலுக்கு வந்த தீர்வுதான் பிஸினஸ் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட், சுருக்கமாக பி.ஐ.டி. 1970இல் டொரண்டோவின் ப்ளூர் வெஸ்ட் வில்லேஜில் தொடங்கியது. ஒரு எல்லை வகுத்து, அதற்குள் இருக்கும் சொத்துகள் எல்லாம் கூடுதல் வரி கட்ட வேண்டும், அந்த வரி அந்த எல்லைக்குள்ளேயே செலவாக வேண்டும் என்பது ஏற்பாடு. வரியை நகராட்சியோ, மாவட்டம் போன்ற கவுன்டி நிர்வாகமோ வழக்கமான சொத்து வரியோடு சேர்த்து வசூலித்து அமைப்பிடம் கொடுக்கும். அயோவா மாநிலத்தில் இதன் சட்டப் பெயர் செல்ஃப்-சப்போர்ட்டட் முனிசிபல் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட்.

மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் வேறு வழியில் போனது. 1975ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தை வைத்து 1982இல் டவுன்டவுன் டெவலப்மென்ட் அத்தாரிட்டியை அமைத்தார்கள். அங்கே புதிய வரி கிடையாது. எல்லைக்குள் சொத்து மதிப்பு உயர உயர, அந்த உயர்ந்த பகுதியிலிருந்து வரும் வரியில் ஒரு பங்கு அமைப்புக்குப் போகும். கேட்க இனிமையான ஏற்பாடு. ஆனால் தொடக்க ஆண்டுகளில் மதிப்பு உயர்ந்திருக்காது, கையில் காசும் இருக்காது. பிறகு உயரும்போது, கவுன்டி, நூலகம் போன்றவை தங்களுக்கு வர வேண்டியது குறைகிறதே என்று கேட்கும். கட்டிடங்கள் எழும்பும் ஊருக்கு இது பொருந்தும். தேங்கி நிற்கும் கடைவீதிக்கு இதை மட்டும் நம்புவது நல்லதல்ல.

பி.ஐ.டி. அமைக்க எத்தனை பேர் சம்மதிக்க வேண்டும்?

அயோவா சட்டப்படி, எல்லைக்குள் உள்ள சொத்து உரிமையாளர்களில் குறைந்தது 25 சதவீதத்தினர் மனுவில் கையெழுத்திட வேண்டும். அவர்களுடைய சொத்துகள் மொத்த மதிப்பிலும் 25 சதவீதம் இருக்க வேண்டும். தலைக்கணக்கு, மதிப்புக் கணக்கு இரண்டும் தேவை என்பதால் நாலைந்து பெரிய முதலாளிகள் மட்டும் முடிவு செய்துவிட முடியாது. மனு நகரத் திட்டக் குழுவுக்குப் போய், அறிக்கை வந்து, பொது விசாரணை நடந்த பிறகு நகர்மன்றத்தில் நாலில் மூன்று பங்கு உறுப்பினர் ஆதரிக்க வேண்டும். ஏழு பேர் கொண்ட அயோவா சிட்டி மன்றத்தில் ஆறு பேர் என்று ஆகிறது.

எதிர்ப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 25 சதவீத உரிமையாளர்கள், 25 சதவீத மதிப்போடு எதிர்மனு கொடுத்தால் மன்றம் ஒருமனதாக நிறைவேற்ற வேண்டும். எதிர்ப்பு 40 சதவீத அளவுக்கு எழுந்தால் திட்டம் அதோடு கைவிடப்படும்.

சட்டம் கேட்பது கால் பங்குதான். ஆனால் பாதிக்கு மேல் கையெழுத்து வாங்காமல் மனுவைக் கொடுக்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இதே வரியைப் புதுப்பிக்கக் கேட்டு இதே ஆட்களிடம் போக வேண்டியிருக்கும். வேண்டா வெறுப்பாகக் கட்டிய ஒவ்வொருவரும் அப்போது எதிர்மனுவில் கையெழுத்திடுவார்.

உரிமையாளர்களிடம் எப்படிப் பேசுவது?

நேரில் போய். கூட்டம் போட்டால் கத்துபவர்களின் குரல்தான் கேட்கும். பழைய கல்லூரி ஊர்களில் கட்டிடங்கள் இரண்டு மூன்று தலைமுறையாகக் குடும்பச் சொத்தாக இருக்கும். உரிமையாளர் அரிசோனாவிலோ ஃப்ளோரிடாவிலோ ஓய்வில் இருப்பார். அவரைத் தேடிப்பிடிக்கவே மாதங்கள் ஆகும். அவருடைய கட்டிடத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்ற தொகையைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள். ஆயிரம் டாலர் வரி மதிப்புக்கு 2 டாலர் என்று வைத்தால், 5 லட்சம் டாலர் மதிப்புள்ள கட்டிடத்துக்கு ஆண்டுக்கு 1,000 டாலர். தொகை தெரியாதபோதுதான் பயம் அதிகம்.

பல்கலைக்கழகம்தான் ஊரிலேயே பெரிய நிலச்சுவான்தார். அது வரி கட்டாதே?

ஆமாம், கல்லூரி ஊரின் ஆதாரச் சிக்கல் இதுதான். அரசுப் பல்கலைக்கழகத்தின் நிலம் மாநிலத்தின் நிலம், சொத்து வரி கிடையாது. கார்னெல் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் கல்விக்காகப் பயன்படுத்தும் சொத்துக்கு விலக்கு உண்டு. கடைவீதியால் பெரிய பலன் அடைவதும் அதே பல்கலைக்கழகம்தான். பேராசிரியர் வேலைக்கு வருபவர் நேர்முகத்தேர்வு முடிந்த மாலை டவுன்டவுனில்தான் சாப்பிடுவார். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் அந்தத் தெருவைப் பார்த்துத்தான் ஊரை எடைபோடுவார்கள்.

ஆகவே வரியாகக் கிடைக்காததை ஒப்பந்தமாகக் கேட்க வேண்டும். வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் நகராட்சியும் பல்கலைக்கழகமும் சேர்ந்தே டவுன்டவுன் அமைப்பைத் தொடங்கின. முதலில் டவுன்டவுன் எகனாமிக் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்று பெயர், பிறகு டவுன்டவுன் பார்ட்னர்ஷிப் ஆனது. நகரத்தின் சிறப்புப் பகுதி வரியோடு பல்கலைக்கழகத்தின் பங்களிப்பும் அதில் சேர்ந்தது. நியூயார்க் மாநிலத்தில் கார்னெல் இருக்கும் இதாகா ஊரில், அந்தப் பல்கலைக்கழகம் 2023இல் நகராட்சிக்கு ஆண்டுக்கு 40 லட்சம் டாலர் வீதம் 15 ஆண்டுகளுக்குத் தர ஒப்புக்கொண்டது. அது கடைவீதிக்கான பணம் அல்ல, நகரின் பொதுச் செலவுக்கானது. இருந்தாலும் "தன்னார்வப் பங்களிப்பு" என்பதைப் பேச்சுவார்த்தையில் வெகுதூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு அது சாட்சி.

பணத்தைவிடப் பெரிய உதவி ஒன்று இருக்கிறது, அதை அதிகம் பேர் கேட்பதில்லை. புதிய அலுவலகம் தேவைப்படும்போது வளாகத்துக்குள் கட்டாமல், டவுன்டவுனில் தனியார் கட்டிடத்தில் வாடகைக்கு எடுக்கும்படி பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள். கட்டிடம் தனியார் பெயரில் இருப்பதால் வரி தொடரும். மதியச் சாப்பாட்டுக்கு நூறு பேர் கீழே இறங்குவார்கள். இதாகாவில் கார்னெல் ஊழியர்கள் டவுன்டவுன் கட்டிடத்தில் வேலை செய்கிறார்கள். கார்னெல், இதாகா கல்லூரி, பக்கத்து சமுதாயக் கல்லூரி மூன்றும் சேர்ந்து 2014இல் தொடங்கிய ரெவ் என்ற ஸ்டார்ட்-அப் மையமும் டவுன்டவுனில்தான் உள்ளது. மாறாக, பல்கலைக்கழகம் கட்டிடத்தையே வாங்கினால் அது வரிப் பட்டியலிலிருந்து போய்விடும். அயோவா சிட்டியின் 1981 மால் இப்போது பெரும்பகுதி பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. காலியாகக் கிடந்த மாலுக்கு அது உயிர் கொடுத்தது என்பதும் உண்மை. இருந்தாலும் வாங்கும் ஒவ்வொரு முறையும் ஈட்டுத்தொகை பற்றிப் பேசும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்தக் கட்டிடம் இல்லை, வாடகைக்கு உணவகம் நடத்துகிறேன். வரி என் தலையில் விழுமா?

பெரும்பாலும் விழும். அமெரிக்க வணிக வாடகை ஒப்பந்தங்களில் ட்ரிபிள் நெட் என்ற வகை அதிகம். சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு மூன்றும் வாடகைக்காரர் பொறுப்பு. கூடுதல் வரி வந்தால் உரிமையாளர் அப்படியே உங்களிடம் தள்ளிவிடலாம். உங்கள் ஒப்பந்தத்தில் அந்தப் பகுதியை இன்றே எடுத்துப் படியுங்கள்.

கொடுமை என்னவென்றால், வரியைச் சுமப்பது நீங்கள், மனுவில் கையெழுத்திடும் உரிமை கட்டிடக்காரருக்கு. அதனால்தான் இயக்குநர் குழுவில் வாடகைக் கடைக்காரர்களுக்கென்று இடங்கள் ஒதுக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். நம்மவர்கள் பலர் இந்தக் கூட்டங்களுக்குப் போவதில்லை. மதிய வியாபாரமும் இரவு வியாபாரமும் இருக்கும்போது நேரம் எங்கே என்பது புரிகிறது. ஆனால் விதிகள் எழுதப்படும் அந்த முதல் சில மாதங்களுக்காவது போங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரை அனுப்புங்கள். வெளியே மேஜை போட அனுமதி, குப்பைத்தொட்டி இடம், சரக்கு இறக்கும் நேரம் எல்லாம் அங்கேதான் பேசி முடிவாகும்.

501(சி)(3)யா, 501(சி)(6)ஆ?

இரண்டும் லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கு அமெரிக்க வரிச் சட்டம் வைத்திருக்கும் வகைகள். (சி)(3) என்றால் தர்ம, கல்வி நோக்கம். நன்கொடையாளருக்கு வரிச் சலுகை உண்டு, அறக்கட்டளை நிதி எளிதில் கிடைக்கும், சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டுவதற்கு வரம்பு உண்டு. (சி)(6) வணிகர் சங்க வகை. கொள்கைக்காகத் தாராளமாக வாதாடலாம், ஆனால் கொடுப்பவருக்கு நன்கொடைச் சலுகை இல்லை. பல ஊர்களில் (சி)(6) வைத்து, கலை நிகழ்ச்சிகளுக்கும் தெரு அழகுக்கும் பக்கத்தில் ஒரு (சி)(3) வைத்துக்கொள்கிறார்கள். எதுவானாலும் ஆண்டுதோறும் வரித்துறைக்குக் கொடுக்கும் 990 படிவம் உண்டு. இதற்கு ஒரு கணக்காளரையும் வழக்கறிஞரையும் பிடியுங்கள், நீங்களே நிரப்ப வேண்டாம்.

எல்லைக் கோட்டை எங்கே போடுவது?

சிறிதாக. பெரிய வட்டம் போட்டால் வரி அதிகம் வரும் என்று தோன்றும். ஓரத்தில் இருப்பவருக்குப் பலன் கண்ணில் படாது, அவர்தான் எதிர்மனுவைத் தொடங்குவார். அயோவா சிட்டியில் டவுன்டவுனோடு வடக்கே இருக்கும் நார்த்சைடு கடைகளையும் சேர்த்தார்கள். இரண்டும் நடந்து போகும் தூரம், வாடிக்கையாளரும் ஒருவரே. வீடாக மதிப்பிடப்பட்ட சொத்துக்கு அயோவா சட்டம் பொதுவாக இந்த வரியிலிருந்து விலக்கு தருகிறது.

பார்களை என்ன செய்வது? அவர்களும் வரி கட்டுபவர்கள்தானே?

நிதானமாகக் கையாள வேண்டிய கேள்வி. அயோவா சிட்டியில் 19 வயதானவர்கள் இரவு 10 மணிக்கு மேலும் பாருக்குள் இருக்க அனுமதி இருந்தது. குடிக்கும் வயது 21 என்றாலும். இதை 21 ஆக்கும் யோசனை 2007 வாக்கெடுப்பில் தோற்றது. நகர்மன்றம் 2010இல் சட்டமாக்கி, ஜூன் 1 முதல் 21 வயதுக்குக் குறைந்தவர்கள் 10 மணிக்கு மேல் பாரில் இருக்கக்கூடாது என்றது. அதே ஆண்டு நவம்பரிலும், மறுபடி 2013இலும் வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு முறையும் மக்கள் சட்டத்தைத் தக்கவைத்தார்கள்.

டவுன்டவுன் அமைப்பு அந்தச் சட்டத்துக்குப் பிறகுதான் பிறந்தது என்பதைக் கவனியுங்கள். பாரை மட்டும் நம்பிய தெருவில் பார்க்காரர்கள்தான் பெரும்பான்மை. அப்போது கூட்டு அமைப்பு தொடங்கினால் அது பார்க்காரர் சங்கமாகத்தான் இருக்கும். ஆனால் பார்களை விரோதியாக்குவதிலும் பயன் இல்லை. 2017இல் அயோவா சிட்டி அமைப்பு "இரவு மேயர்" என்ற பொறுப்பை ஏற்படுத்தியது. இரவு வியாபாரம் செய்பவர்கள், போலீஸ், நகராட்சி, அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் நடுவில் பேசும் ஆள். பார் மூடும் நேரத்தில் நடைபாதையில் என்ன நடக்கிறது என்பதை மறுநாள் காலை கடை திறப்பவரும் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

முதல் ஆண்டில் என்ன செய்யலாம்?

துப்புரவு. ஆச்சரியமாக இருக்கலாம், ஆனால் வரி கட்டியவர் முதல் மாதமே கண்ணால் பார்க்கக்கூடியது அதுதான். ஞாயிறு காலை கடை வாசலில் உடைந்த பாட்டில் இல்லை என்றால் அவருக்கு நம்பிக்கை வரும். அடுத்து, காலிக் கடைகளின் பட்டியல்: அளவு, வாடகை, உரிமையாளரின் தொலைபேசி எண், சமையலறைப் புகைபோக்கி இருக்கிறதா என்ற விவரம் வரைக்கும். இடம் தேடி வருபவருக்கு அன்றைக்கே இதைக் கொடுக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

பெரிய திருவிழாவை முதல் ஆண்டில் தொடாதீர்கள். ஊழியர் இரண்டு பேர் இருக்கும் அமைப்பில் ஒரு திருவிழா ஆறு மாதத்தைத் தின்றுவிடும். அயோவா சிட்டியில் கோடைக்கால கலைவிழா, ஜாஸ் விழா, வெள்ளிக்கிழமைக் கச்சேரி எல்லாவற்றையும் சம்மர் ஆஃப் தி ஆர்ட்ஸ் என்ற தனி அமைப்பு நடத்துகிறது. மாணவர் இல்லாத மாதங்களில் ஊர்க் குடும்பங்களை டவுன்டவுனுக்கு வரவழைப்பதில் அதன் பங்கு பெரியது. அப்படி ஒரு அமைப்பு உங்கள் ஊரில் இருந்தால் கைகோத்துக்கொள்ளுங்கள், போட்டியாக இன்னொன்று வேண்டாம்.

பார்க்கிங் பிரச்சினை?

எல்லாக் கூட்டத்திலும் முதல் அரை மணி நேரம் இதுவே போகும். கடைக்கு முன்னால் இருக்கும் இடங்களில் காலை எட்டு மணிக்கே நிறுத்துவது பெரும்பாலும் கடை ஊழியர்களும் வகுப்புக்குப் போகும் மாணவர்களும்தான். ஆன் ஆர்பரில் அமைப்பே பொது பார்க்கிங் கட்டிடங்களைக் கவனித்துக்கொள்கிறது. கோ-பாஸ் என்ற பஸ் அட்டையை டவுன்டவுன் ஊழியர்களுக்குக் கிடைக்கச் செய்து, அவர்களின் கார்களைத் தெருவிலிருந்து குறைக்கிறது. புதிய பார்க்கிங் கட்டிடம் கேட்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

கடைவீதி நன்றாக வந்தபின் வாடகை ஏறி, நாங்களே வெளியேற நேர்ந்தால்?

நேரலாம், இதற்கு முழுத் தீர்வு எந்த ஊரிலும் நான் பார்க்கவில்லை. மாணவர் குடியிருப்புக்காகப் பத்து மாடி எழும்பும்போது அதன் கீழ்த்தளத்தில் புதிய கடை வாடகை பழைய கடைக்காரர் தாங்கக்கூடியதாக இருக்காது. அமைப்பு செய்யக்கூடியது சில உண்டு. நீண்டகால ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன்பே உரிமையாளரோடு உட்கார்ந்து பேச உதவலாம். முகப்பைச் சீரமைக்கும் மானியத்தைப் பழைய கடைகளுக்கு முதலில் தரலாம். கட்டிடத்தையே பொது நோக்கத்துக்காகக் காப்பாற்றலாம். அயோவா சிட்டியில் 1912இல் திறந்த எங்லெர்ட் திரையரங்கு கைமாறி பாராகிவிடும் நிலை வந்தபோது நகராட்சி வாங்கியது. ஊர் மக்கள் நிதி திரட்டினார்கள், 2004இல் அது பொது அரங்காக மீண்டும் திறந்தது. அது நடந்தது டவுன்டவுன் அமைப்பு தொடங்குவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு.

பேச்சுத் தொடங்கி அமைப்பு நடக்க எவ்வளவு காலம் ஆகும்?

இரண்டு ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு முழுவதும் உரிமையாளர்களைச் சந்திப்பதிலும் பல்கலைக்கழகத்தோடு பேசுவதிலும் போகும். இரண்டாவதில் மனு, விசாரணை, மன்ற வாக்கெடுப்பு. அப்புறமும் வரி வசூலாகிக் கைக்கு வரச் சில மாதங்கள் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிக்கு நகராட்சியிடமோ உள்ளூர் வங்கியிடமோ முன்பணம் பேசி வைத்துக்கொண்டு இயக்குநரை வேலைக்கு எடுங்கள். பல்கலைக்கழகப் பேச்சுவார்த்தையைக் கோடையில் வைக்காதீர்கள். கையெழுத்திட வேண்டியவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள்.